சாலையோரக் கீரையைப் பரிசோதியுங்கள்

ஆசிரியருக்கு,

சென்னைப் புறநகரில் லாரியும் பஸ்ஸும் ஓயாமல் ஓடும் சாலைகளை ஒட்டியே கீரைப் பாத்திகள் இருக்கின்றன. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-லேயே நாடு முழுக்க நிறுத்தப்பட்டது, சரி, ஆனால் அதற்கு முன் பல ஆண்டுகள் புகையோடு வந்து படிந்த ஈயம் மட்கிப்போகிற பொருள் இல்லை, மேல்மண்ணிலேயே தங்கிவிடும். டயர் தேய்மானத்தில் துத்தநாகமும் காட்மியம் என்ற நச்சு உலோகம் கொஞ்சமும், பிரேக் தூளில் தாமிரமும் இன்றும் சேர்கின்றன. இலைமேல் இருக்கும் தூசி நாலு தண்ணீரில் அலசினால் பெரும்பாலும் போய்விடும். வேர் வழியாக ஏறிய காட்மியம் அலசினாலும் போகாது, வேகவைத்தாலும் அழியாது. குழந்தைக்குக் கீரை மசித்து ஊட்டச் சொல்கிறோம், ஈயம் அதிகம் பாதிப்பதும் குழந்தைகளின் மூளையைத்தான். பயிரிடுபவர்களைக் குறை சொல்லவில்லை. உணவுப் பாதுகாப்புத் துறை அந்தக் கீரையையும் மண்ணையும் பரிசோதித்து முடிவை வெளியிட வேண்டும்.

ஒரு வாசகர், தாம்பரம்