ஆராதனை முடிந்ததும் ஏன் இந்த அவசரம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தேவாலயங்களுக்கு இப்போது ஆட்கள் வருவது குறைந்துவிட்டது என்று வாசகர் ஒருவர் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். மற்ற ஊர்க் கதை எனக்குத் தெரியாது. வேலூரில் நாங்கள் போகும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயத்தில் ஏழு மணி ஆராதனைக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போனால் வெளியே பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலிதான் கிடைக்கும். (ஆலயத்தின் பெயர் வேண்டாம். நான் சொல்லப்போவது பக்கத்துச் சபைகளுக்கும் பொருந்தும்.) ஆட்களுக்குக் குறைவில்லை. பக்கத்து நாற்காலியில் இருப்பவர் யார், எந்தத் தெரு, வீட்டில் என்ன கஷ்டம் என்பதுதான் யாருக்கும் தெரிவதில்லை.

இதற்கு எங்கள் ஊரின் அமைப்பும் ஒரு காரணம். 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய வைத்தியம்தான் இன்று சி.எம்.சி. என்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியாக நிற்கிறது. அதைச் சுற்றி ஊரே ஆஸ்பத்திரி ஊராகிவிட்டது. காந்தி ரோட்டில் லாட்ஜுக்கு லாட்ஜ் வங்காள எழுத்தில் போர்டு. நர்சிங் படிக்க வரும் பிள்ளைகள், சில வருஷம் வேலை பார்த்துவிட்டு வெளிநாடு போகிறவர்கள், சிகிச்சைக்காக மாதக்கணக்கில் அறை எடுத்துத் தங்குகிறவர்கள் என்று சபையில் பாதிப் பேர் வந்து போகிறவர்கள். மீதிப் பேரில் பலர் ராணிப்பேட்டை, ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கு விடியற்காலையில் வண்டி ஏறி, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்கள். சபையை நடத்தும் ஆயரும் நிரந்தரமல்ல. வீடு வீடாகச் சந்தித்து, எந்த வீட்டில் யாருக்குச் சர்க்கரை, எந்த வீட்டில் அண்ணன் தம்பி பேச்சு வார்த்தை இல்லை என்றெல்லாம் அவர் தெரிந்துகொள்வதற்குள் மாற்றல் ஆர்டர் வந்துவிடும். அப்புறம் புது ஆயர் முதல் வீட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆகவே ஒருவரையொருவர் தெரிந்துகொள்வது சபையார் கையில்தான் இருக்கிறது. அதற்கு என்ன செய்தோம்? வாட்ஸப் குழு தொடங்கினோம். காலையில் ரோஜாப் பூவோடு ஒரு வசனம், மாலையில் ஒரு மரண அறிவிப்பு, அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். போன மழைக்காலத்தில் எங்கள் தெருவில் தனியாக இருக்கும் ஒரு பாட்டி வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து கிடந்த செய்தி, அந்தக் குழுவுக்கு வருவதற்கு முன் எனக்குப் பால்காரர் மூலம் வந்து சேர்ந்தது.

உண்மையில் நன்றாக நடந்துகொண்டிருந்தது ஒரு சின்ன ஏற்பாடு. முதல் ஆராதனை முடிந்ததும் வேப்ப மரத்தடியில் மேசை போட்டு, குழாய் வைத்த எவர்சில்வர் கேனில் டீ, கூடவே பொறை. அவ்வளவுதான். வயதானவர்களுக்கு நாலு நாற்காலி. பெண்கள் ஐக்கிய சங்கம் ஒரு வாரம், வாலிபர் ஐக்கியம் ஒரு வாரம் என்று முறை வைத்திருந்தோம். கையில் டம்ளர் இருந்தால் டீ ஆறும்வரையாவது ஒரு மனுஷர் நின்றுதானே ஆக வேண்டும்? அந்த நேரத்தில் பேச்சு வந்துவிடும்.

அப்படித்தான் ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு தம்பதி எங்களுக்குத் தெரியவந்தார்கள். சில வாரமாகக் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தார்களாம், யாருக்கும் தெரியாது. அவர்களுக்குத் தமிழும் வராது, இங்கிலீஷும் வராது. பரமண்டல ஜெபம் வரும்போது மட்டும் ராகத்தை வைத்துப் புரிந்துகொண்டு தங்கள் பாஷையில் கூடவே சொல்வார்கள். அன்றைக்கு மருந்துக்கடையில் வேலை பார்க்கும் எங்கள் வாலிபர் ஐக்கியத் தம்பி டீ கொடுக்கும் முறையில் இருந்தான். ஆஸ்பத்திரியைச் சுற்றிப் பிழைக்கிறவர்களுக்கு இந்தி தானாக வந்துவிடும். “கஹா சே ஆயா?” என்று அவன் கேட்டதும் அந்த மனிதர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். மனைவிக்கு ஆபரேஷன், ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும், ஊரில் ஒருவரையும் தெரியாது. மறுநாள் காலை நம் பையன்கள் இரண்டு பேர் போய் ரத்தம் கொடுத்தார்கள். சங்கத்துப் பெண்கள் முறை வைத்து லாட்ஜுக்குக் கஞ்சியும் ரசம் சாதமும் அனுப்பினோம். ரசத்தைத்தான் அவர்களால் குடிக்க முடியவில்லை, பாவம், பருப்பாக மாற்றினோம். இந்தத் தேவையைப் பீடத்திலிருந்து யாரும் அறிவிக்கவில்லை. ஜெபக்குறிப்பிலும் எழுதிக் கொடுக்கவில்லை. கொடுக்க அவர்களுக்கு எழுத்தும் தெரியாது, பெட்டி எங்கே இருக்கிறது என்றும் தெரியாது.

அந்த டீயைத்தான் இப்போது நிறுத்திவிட்டார்கள். காரணம் நியாயமானதுதான், மறைக்க விரும்பவில்லை. ஒன்பது மணிக்கு இரண்டாம் ஆராதனை. முதல் ஆராதனை முடிய எட்டே முக்கால் ஆகிவிடும். வெளியே போகும் வண்டியும் உள்ளே வரும் வண்டியும் ஒரே கேட்டில் முட்டிக்கொண்டு ரோடுவரை நெரிசல். வளாகமெங்கும் பேப்பர் கப் வேறு. போக்குவரத்துப் போலீசார் ஒரு முறை வந்து சத்தம் போட்டுவிட்டும் போனார்கள். உடனே கமிட்டி எளிய வழியைப் பிடித்தது: ஆசீர்வாதம் கூறியதும் மைக்கில் “வாகனங்களைச் சீக்கிரம் எடுக்கவும்” என்ற அறிவிப்பு. கர்த்தருடைய சமாதானத்தோடு போங்கள் என்று ஆயர் சொல்லி வாய் மூடுவதற்குள் இது வந்துவிடுகிறது.

எங்கள் ஜனங்களுக்குப் பழகத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. காணிக்கையாக வந்த விளைச்சலை ஏலம் விடும் அறுப்பின் பண்டிகைக்கு வந்து பாருங்கள். எங்கள் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனால் எங்கள் ஏலத்தில் அதற்குக் கிடைக்கும் விலையை எந்த உழவர் சந்தையும் கொடுத்திருக்காது. “ஒரு தரம், ரெண்டு தரம்” என்று மூப்பர் இழுக்கும்போது பின்னாலிருந்து ஒருவர் தொகையை ஏற்றுவார். எடுத்த கூடையை அப்படியே விதவைத் தாய் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போவார். அன்றைக்கு மதியம் சாப்பாடு முடிந்தும் ஒருவரும் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார்கள். ஏனென்றால் அன்று யாரும் கேட்டைக் காலி செய்யச் சொல்வதில்லை. (கமிட்டித் தேர்தல் சமயத்திலும் எல்லோருக்கும் எல்லோர் பெயரும் ஞாபகம் வந்துவிடுகிறது. அந்தப் பழக்கத்தைப் பற்றி இன்னொரு கடிதம் எழுத வேண்டும்.)

எங்கள் கோரிக்கை பெரிதல்ல. இரண்டாம் ஆராதனையை ஒன்பதரைக்கு மாற்றுங்கள். வெயில் ஏறிவிடும் என்கிறார்கள். வேலூர் வெயிலுக்கு ஒன்பதும் ஒன்பதரையும் ஒன்றுதான். இரண்டுக்கும் ஃபேன் வேண்டும். ஆங்கிலிகன், மெதடிஸ்ட், பிரஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் என்று தனித்தனியாக வழிபட்டவர்கள் பல வருஷம் உட்கார்ந்து பேசி, 1947 செப்டம்பர் 27 அன்று ஒரே தென்னிந்தியத் திருச்சபையாக ஆனார்கள். அவர்கள் வழி வந்த நாம் கடிகாரத்தில் அரை மணி நேரத்தை நகர்த்த மூன்று கூட்டம் போட்டும் முடியவில்லை என்றால் என்ன சொல்ல?

பேப்பர் கப் வேண்டாம். எவர்சில்வர் டம்ளரை நாங்களே வாங்கித் தருகிறோம். கழுவும் முறையில் மட்டும் ஆண்களின் பெயரும் இருக்க வேண்டும், இதில் சமரசம் கிடையாது. புது ஆட்கள் யாரென்று பார்த்து முதல் டம்ளரை அவர்களிடம் கொடுக்க ஒவ்வொரு வாரமும் இருவர் நிற்கட்டும், அதிலும் ஒருவருக்காவது இந்தி தெரிந்திருந்தால் நல்லது. கேட் நெரிசலுக்குப் பின்பக்கச் சந்துக் கதவைத் திறந்துவிட்டாலே போதும், அது பூட்டியே கிடக்கிறது. சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுகிறார்.

புதிய ஸ்பீக்கர் பெட்டிக்கு நன்கொடை கேட்டு ரசீதுப் புத்தகம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்கும் கொடுக்கிறோம். டீத்தூள், பால், சர்க்கரை முதல் மூன்று மாதத்துக்கு எங்கள் சங்கத்தின் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டு மனுவாகவே கொடுத்துவிட்டோம். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் அதை எடுத்துக்கொள்வார்கள் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
சத்துவாச்சாரி, வேலூர்.