அரையாண்டுத் தேர்வும் ஆங்கில விடைத்தாளும்: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பிவிட்டார்கள். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக நடந்தது. அறிவியல் கண்காட்சியில் பாராட்டு வாங்கினோம், கோ-கோ அணி நன்றாக ஆடியது, பேச்சுப் போட்டியிலும் பரிசு வந்தது. எல்லோருக்கும் வாழ்த்துகள். பத்தாம் வகுப்புக்கு மாலை ரிவிஷன் வழக்கம்போல உண்டு.

சரி, எட்டாம் வகுப்பு ஆங்கில விடைத்தாள் விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு பத்தியைக் கொடுத்து, அடிக்கோடிட்ட சொற்களுக்குத் தமிழில் பொருள் எழுதச் சொல்லியிருந்தோம். பத்தி நம்ம ஊர்க் கதைதான்: 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தது. அதில், சிப்பாய்கள் 'ஆர்ம்ஸ்' எடுத்தார்கள் என்று ஒரு வரி. வகுப்பில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் 'கைகள்' என்று எழுதியிருந்தார்கள். ஒரு பிள்ளை முழு வரியையும் தமிழாக்கி, 'சிப்பாய்கள் கைகளைத் தூக்கினார்கள்' என்று முடித்திருந்தது. கையைத் தூக்கினால் சரணடைந்ததாக அல்லவா ஆகிவிடும்! அன்று விடியும் முன் கோட்டைக்குள் நடந்தது அதற்கு நேரெதிர். அதே பத்தியில் பாலாற்றின் 'பேங்க்', அதாவது கரை, பல தாள்களில் வங்கியாகி இருந்தது.

மதிப்பெண் குறைந்ததும் பலர் கேட்டது ஒரே கேள்விதான்: "மீனிங் நோட்டில் அப்படித்தானே மேடம் இருக்கு? படிச்சதைத்தானே எழுதியிருக்கான்?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. நோட்டில் அப்படித்தான் இருக்கிறது. முன்பு ஒரு பாடத்தில் அந்தச் சொல் கை என்ற பொருளில்தான் வந்தது. இந்தப் பத்தியில் அது ஆயுதம். உடம்பில் இருக்கும் 'ஆர்ம்' பழைய ஆங்கிலச் சொல். ஆயுதத்தைக் குறிப்பது லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்து சேர்ந்தது. இப்போது இரண்டுக்கும் ஒரே எழுத்து.

நமக்கு இது புதிதா என்ன? பாடம் படி என்கிறோம், மாடிப்படி ஏறுகிறோம், அரிசியைப் படியால் அளக்கிறோம், அரசு வேலையில் இருப்பவர்கள் அகவிலைப்படி எப்போது உயரும் என்று காத்திருக்கிறார்கள். யாரும் குழம்புவதில்லை. பக்கத்தில் இருக்கிற சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்திலும் அதேதான், அளவு மட்டும் அதிகம். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் 'ரன்' என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 600-க்கும் மேற்பட்ட பொருள்கள் தரப்பட்டிருக்கின்றன. அதை எந்த மீனிங் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்ய?

ஆங்கிலப் பாடத்தோடு இது நின்றுவிடுவதும் இல்லை. 'செல்' என்பது உயிரியலில் உயிரணு, இயற்பியலில் மின்கலம், தொரப்பாடி ஜெயிலில் கைதியின் அறை, உங்கள் கையில் இருப்பது போன். 'சொல்யூஷன்' கணக்கில் தீர்வு, வேதியியலில் கரைசல். 'மீன்' கணக்கில் சராசரி, பேச்சில் அற்பத்தனம். (தமிழில் எழுதினால் குழம்புக்கே போய்விடுகிறது.) இந்தக் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் உங்கள் பிள்ளையை 'யுவர் வார்டு' என்று குறிப்பிட்டிருப்பேன். வேலூரில் வார்டு என்றால் முதலில் ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும், அப்புறம் மாநகராட்சி கவுன்சிலர். மூன்றுக்கும் அடியில் இருப்பது காவல் என்கிற ஒரே பழைய பொருள்.

அதனால் வீட்டில் ஒரு சின்ன மாற்றம் செய்யுங்கள். சொல்லை மட்டும் தனியாக எடுத்து "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்காதீர்கள். வரியை முழுக்க வாசிக்கச் சொல்லி, "இங்கே என்ன நடக்குது, நீயே சொல்லு" என்று கேளுங்கள். இதற்கு உங்களுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதே இல்லை. பிள்ளை சொல்கிற கதை ஒட்டவில்லை என்றால் உங்களுக்கே தெரிந்துவிடும். போனில் பொருள் தேடினாலும் முழு வாக்கியத்தையும் போட்டுத் தேடுங்கள். ஒற்றைச் சொல்லைப் போட்டால், இந்த வரிக்குப் பொருந்துகிறதா என்று அதற்குத் தெரியாது. நோட்டிலும் இனி ஒவ்வொரு பொருளோடும் ஒரு வாக்கியம் எழுத வேண்டும் என்று ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறோம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. விடைத்தாளைப் போட்டோ எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டு, ஆசிரியரின் படிப்பையும் தகுதியையும் பற்றி ராத்திரி நெடுநேரம் எழுதியதை ஏற்க முடியாது. அந்தக் குழு ஹோம்வொர்க் சொல்வதற்காக இருக்கிறது. தாளில் ஒரு குழந்தையின் பெயரும் மதிப்பெண்ணும் இருந்தன. மறுநாள் வகுப்பில் அந்தக் குழந்தைதான் கேலியைத் தாங்கியது. இன்னொரு முறை இப்படி நடந்தால் குழுவில் ஆசிரியர்கள் மட்டும் பதிவிடும்படி மாற்றிவிடுவோம். மதிப்பெண்ணில் சந்தேகம் இருந்தால் தாளோடு நேரில் வாருங்கள். கூட்டலில் பிழையோ, விட்டுப்போன விடையோ இருந்தால் அங்கேயே சரிசெய்து தரப்படும். 'ஆர்ம்ஸ்' கேள்விக்கு மட்டும் மாற்றம் இருக்காது.

கோபப்பட்டவர்களும் பிள்ளையின் மேல் உள்ள அக்கறையில்தான் பேசினார்கள் என்பது எனக்குத் தெரியும். ஷூ கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து வந்த அசதியிலும் நோட்டைத் திறந்து பார்க்கிற அப்பாக்களும், பீடி சுற்றிக்கொண்டே பாடத்தை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்கிற அம்மாக்களும் இந்தப் பள்ளியில் நிறைய பேர். உங்களுக்கெல்லாம் நன்றி. அன்று ராத்திரி குழுவில், "காலையில நேர்ல பேசிக்கலாம், பிள்ளைங்க பார்ப்பாங்க" என்று எழுதி அடக்கிய பெற்றோருக்குத் தனியாக ஒரு நன்றி.

எட்டாம் வகுப்பு விடைத்தாள்களைப் பார்க்க வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வரலாம். ஆங்கில ஆசிரியரும் நானும் இருப்போம். வண்டிகளை கேட்டுக்கு எதிரே நிறுத்தாமல் மைதானத்துப் பக்கம் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்