தூரிகைத் தடங்களை அழிக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

எண்ணெய் வர்ணத்தில் மனித உருவம் தீட்டும் மாணவர்களிடம், தூரிகைத் தடமே தெரியாதவாறு தோலை மெழுகிவிடும்படி இங்கு இன்றும் வற்புறுத்தப்படுவது மிகுந்த வருத்தமளிக்கிறது. 1874 இல் பாரிஸில் கூட்டாகக் கண்காட்சி நடத்திய மொனே, ரெனுவார் முதலிய பிரெஞ்சு ஓவியர்கள், வர்ணங்களைத் தட்டிலேயே முழுதும் கலந்துவிடாமல் சிறு தீற்றல்களாக அருகருகே வைத்து, சற்று விலகி நிற்பவரின் கண்ணே அவற்றை இணைத்துக்கொள்ள விட்டனர். திருகோணமலைக் கடற்கரையில் கரைவலை இழுப்பவரின் முதுகைப் பாருங்கள்: வெயில் படும் இடத்தில் காவியும் இளஞ்சிவப்பும், நிழலில் வானம் தரும் நீலமும் ஊதாவும் தெரியும், கபிலத்துடன் கறுப்பைக் குழைத்துப் பூசினால் அவை யாவும் மங்கிவிடும். ஒளி நிழல் அளவு பிழைத்தால் உருவம் சிதறிவிடும் என்பதால் கோட்டுப் பயிற்சியும் ஒளி நிழல் பயிற்சியும் அவசியமே. வைத்த தீற்றலை மீண்டும் தேய்க்காதிருக்க ஆசிரியர்கள் மாணவரைப் பழக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓவிய ஆர்வலர்,
திருகோணமலை.