கையெழுத்திட மறுத்தவரின் பெயர்

ஆசிரியருக்கு வணக்கம்.

காற்றைவிட லேசான வாயு நிரப்பி மிதக்கவிட்ட ஆகாயக் கப்பல்களில் தொடங்கிப் போர் விமானங்கள் வரை வரவிருக்கும் உங்கள் தொடரின் முதல் பகுதியைச் சென்ற இதழில் படித்தேன். விமானப் படையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் விமானத்தின் உடற்கட்டைப் பராமரிக்கும் ஏர்ஃப்ரேம் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்தப் பொருளுக்குத் தமிழில் இவ்வளவு பக்கங்கள் ஒதுக்கியிருப்பதற்கு என் நன்றி. ஆனால் கட்டுரையின் கடைசிப் பத்தியைப் படித்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை. 1937-இல் ஜெர்மனியின் ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல் எரிந்தது, ஹைட்ரஜன்தான் காரணம், அத்தோடு ஆகாயக் கப்பலின் காலம் முடிந்தது என்று முடித்திருக்கிறீர்கள். பிரிட்டனின் ஆர் 101 என்ற ஆகாயக் கப்பலுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி. அதிலும் ‘தீப்பிடித்து விழுந்தது’ என்று இருக்கிறது. அது தீப்பிடித்து விழவில்லை. விழுந்த பிறகுதான் தீப்பிடித்தது. இந்த வரிசையை மாற்றிச் சொன்னால் பழி போய்ச் சேரும் இடமும் மாறிவிடும்.

ஹைட்ரஜன் ஆபத்தானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது காற்றோடு கலந்தால்தான் எரியும். முதல் உலகப் போரில் லண்டன்மீது குண்டு வீச வந்த ஜெர்மானிய ஆகாயக் கப்பல்களைச் சாதாரணத் தோட்டாக்கள் துளைத்துக்கொண்டு போயின, கப்பல்கள் பாட்டுக்குப் பறந்துகொண்டிருந்தன. வெடிக்கும் தோட்டாக்களையும் தீக்கொளுத்தும் தோட்டாக்களையும் கலந்து சுட்ட பிறகே 1916 செப்டம்பர் 3 அன்று லீஃப் ராபின்சன் தம்முடைய பி.இ.2சி இரட்டை இறக்கை விமானத்திலிருந்து ஒன்றை வீழ்த்த முடிந்தது. பின்னாளில் அதே ஹைட்ரஜனை நிரப்பிக்கொண்டு கிராஃப் செப்பலின் என்ற ஜெர்மானிய ஆகாயக் கப்பல் 1928 முதல் 1937 வரை 590 முறை பறந்தது. 1929-இல் உலகையே சுற்றி வந்தது. ஒரு பயணிக்குக்கூட அதில் காயம் ஏற்பட்டதில்லை. மாறாக, அமெரிக்கக் கடற்படையின் ஆக்ரான் என்ற ஆகாயக் கப்பலில் இருந்தது எரியாத ஹீலியம். 1933 ஏப்ரலில் அது புயலில் சிக்கி அட்லாண்டிக் கடலில் விழுந்தபோது 76 பேரில் 73 பேர் இறந்தார்கள். ஹிண்டன்பர்க்கில் இருந்த 97 பேரில் 62 பேர் உயிர் பிழைத்தார்கள். இவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் குற்றவாளிக் கூண்டில் வாயுவை மட்டும் நிறுத்த மனம் வராது.

இனி ஆர் 101. இங்கிலாந்தில் கார்டிங்டன் என்ற ஊரில் அரசுத் தொழிற்சாலையில் கட்டப்பட்ட கப்பல் அது. பேரரசின் தொலைதூர நாடுகளை வான்வழியே இணைப்பது 1924-இல் எடுத்த திட்டம். எகிப்தில் இஸ்மாயிலியாவில் கப்பலைக் கட்டி நிறுத்த ஒரு நங்கூரக் கோபுரம், பம்பாய் மாகாணத்தில் அன்று இருந்த கராச்சியில் இன்னொரு கோபுரமும் கப்பலை உள்ளே விட ஒரு பெரிய கொட்டகையும் எழுப்பினார்கள். ஆர் 101 புறப்பட்டது நம் துணைக்கண்டத்தை நோக்கித்தான்! தமிழ் வாசகர்களுக்கான கட்டுரையில் இது விடுபட்டது எனக்கு மிகுந்த வருத்தம்.

கப்பல் 1929 அக்டோபரில் முதன்முதலாகப் பறந்தது. 60 டன் சுமை தூக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். எடை போட்டுப் பார்த்தால் 35 டன்தான் தேறியது. டீசல் எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிடக் கனம். வெப்ப நாடுகளில் பெட்ரோல் ஆபத்து என்று எண்ணி டீசலைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். குறைந்த சுமையை எப்படி மீட்பது? வாயுப் பைகளைக் கட்டியிருந்த கம்பிவலையைத் தளர்த்தினார்கள். பைகள் இன்னும் கொஞ்சம் உப்பின, கொஞ்சம் கூடுதல் வாயு பிடித்தது. ஆனால் உப்பிய பைகள் உலோகச் சட்டங்களில் உரசத் தொடங்கின.

அந்தப் பைகள் எதனால் ஆனவை என்று சொன்னால்தான் உரசல் என்ன செய்யும் என்பது புரியும். மாட்டுக் குடலிலிருந்து உரித்தெடுத்த மெல்லிய சவ்வை, துண்டு துண்டாகத் துணிமேல் ஒட்டிச் செய்தவை. தங்க ரேக்கு தட்டுகிறவர்கள் தகடுகளுக்கு நடுவில் வைத்து அடிப்பார்களே, அதே சவ்வு. ஒரே கப்பலுக்கு லட்சக்கணக்கான மாடுகளின் குடல் தேவைப்பட்டது. ஹைட்ரஜனைத் தேக்கி வைக்க அன்று அதைவிட நல்ல பொருள் இல்லை. ஆணி முனையோ திருகின் தலையோ பட்டுக்கொண்டே இருந்தால் அது எத்தனை நாள் தாங்கும்? தேய்ந்த இடங்களில் ஊசித் துளைகள் விழுந்தன. சட்டங்களில் ஆயிரக்கணக்கான இடங்களில் துணி சுற்றி மெத்தை கட்டினார்கள்.

இங்கேதான் உங்கள் கட்டுரையில் வந்திருக்க வேண்டிய மனிதர் வருகிறார். எஃப். மெக்வேட். கார்டிங்டனில் விமானப் பரிசோதனைத் துறையின் பொறுப்பாளராக இருந்தவர். கப்பலின் பறப்பு அனுமதியை நீட்டிக்கப் பரிந்துரைக்கும் பொறுப்பு அவருடையது. 1930 ஜூலை 3 அன்று அவர் மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். பறக்கும்போது பைகள் அசைகின்றன, அசைவில் மெத்தைகள் தளர்ந்து போகின்றன, மெத்தை கட்டுவது பரிகாரமாகாது, இந்த நிலையில் அனுமதியை நீட்டிக்கவோ தகுதிச் சான்று கொடுக்கவோ பரிந்துரைக்க முடியாது என்று எழுதினார். கடிதத்தைப் பெற்ற அவருடைய இயக்குநர், கப்பலைக் கட்டிய நிர்வாகத்திடமே விளக்கம் கேட்டார். மெத்தை போதும் என்று பதில் வந்தது. அதோடு மெக்வேட்டின் ஆட்சேபம் கோப்புக்குள் அடங்கிவிட்டது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு என் வேலைதான் காரணம். நாங்கள் பராமரித்த டகோட்டா என்ற சரக்கு விமானத்தின் உடல் முழுவதும் அலுமினியம். ஆனால் வால் சுக்கானையும், மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடிப்பான எலிவேட்டரையும், பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடிப்பான எய்லரானையும் போர்த்தியிருப்பது துணி. அதன்மேல் டோப் என்ற வார்னிஷ் போன்ற பூச்சைப் பூசுவோம். அழுகிய வாழைப்பழத்தையும் நெயில் பாலிஷையும் சேர்த்து வைத்ததுபோல ஒரு வாடை. மாலையில் எத்தனை முறை கழுவினாலும் கையை விட்டுப் போகாது. டோப் காயும்போது துணி இறுகும். சுண்டினால் கஞ்சிரா போல ஒலிக்க வேண்டும். ஒருநாள் விடியற்காலையில், மலைக் காவல் சாவடிகளுக்கு அரிசியும் பருப்பும் போடப் புறப்பட வேண்டிய விமானத்தில், எலிவேட்டரின் பின்விளிம்பில் என் கட்டைவிரல் அகலத்துக்குத் துணி தொய்ந்திருந்ததைக் கண்டேன். வாரண்ட் ஆபீசரிடம் சொன்னேன். அவர் வந்து ஒருமுறை சுண்டிப் பார்த்தார். விமானம் பறக்கலாம் என்று கையெழுத்திட வேண்டிய ஃபார்ம் 700 பதிவேட்டை மூடினார். பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். விமானி ஒரு வார்த்தை பேசவில்லை. தேநீர் குடிக்கப் போய்விட்டார். துணியை மாற்றி, டோப் காய்ந்து, விமானம் மேலெழுந்தபோது உச்சி வெயில். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அந்தப் பேனா பைக்குள் போனதை இன்றும் பார்க்கிறேன்.

மெக்வேட்டின் பேனாவை அப்படி மதிக்க ஆளில்லை. அந்தக் கோடையில் கப்பலை நடுவில் வெட்டி, கூடுதலாக ஒரு பகுதியைச் செருகி 777 அடியாக நீட்டினார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் உயரத்தைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேல் நீளம். விமானத் துறை அமைச்சர் தாம்சன் பிரபு அதில் இந்தியா போய், லண்டனில் நடந்துகொண்டிருந்த பேரரசு மாநாட்டுக்குத் திரும்பிவிட வேண்டும் என்று நாள் குறித்திருந்தார். அக்டோபர் 1-ஆம் தேதி ஒரே ஒரு சோதனைப் பறப்பு. எண்ணெய்க் குளிர்விப்பான் பழுதானதால் முழு வேகச் சோதனை நடக்கவில்லை. அடுத்த நாளே தகுதிச் சான்று தயாரானது. அக்டோபர் 4 மாலை, மழையும் காற்றும் வலுக்கும் வேளையில், 54 பேருடன் கப்பல் கோபுரத்திலிருந்து விடுபட்டது.

பிரான்ஸில் போவே நகருக்கு அருகே, இரவு இரண்டு மணிக்குப் பணி மாறிய சில நிமிடங்களில், கப்பல் மூக்கைத் தாழ்த்தியது. ஒருமுறை நிமிர்ந்தது. மறுபடி தாழ்ந்து தரையைத் தொட்டது. மோதல் மெதுவாகத்தான் இருந்தது. தீ அதன் பின்னர் வந்தது. சுக்கான் பிடிப்பவர்களின் தலைவரான தலைமைக் காக்ஸ்வைன் ஹண்ட், தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்ப ஓடினார். அவர் திரும்பி வரவில்லை. பிங்க்ஸ் என்ற எஞ்சின் பணியாளர் பணி மாற்றத்துக்குச் சற்றுத் தாமதமாக வந்ததால், அவரும், பணி முடிந்து போக வேண்டிய பெல் என்பவரும் ஒரே எஞ்சின் கூண்டில் இருந்தார்கள். மேலே இருந்த தண்ணீர்த் தொட்டி உடைந்து அவர்கள்மேல் கொட்டியது; இருவரும் பிழைத்தார்கள். மொத்தம் பிழைத்தவர்கள் ஆறு பேர். அமைச்சர் உட்பட 48 பேர் போய்விட்டார்கள்.

விசாரணைக்குத் தலைமை தாங்கியவர் சர் ஜான் சைமன். 1928-இல் ‘சைமனே திரும்பிப் போ’ என்று நம் ஊர்களில் கறுப்புக்கொடி காட்டப்பட்ட அதே சைமன்தான். அவரிடம் நமக்கு எத்தனை கோபம் இருந்தாலும், இந்த அறிக்கையில் ஒன்றை ஒளிக்காமல் எழுதினார். முன்பக்கப் பைகளிலிருந்து வாயு வெளியேறியதே வீழ்ச்சிக்குக் காரணம் என்றும், அரசின் கொள்கைக் காரணங்கள் இல்லாதிருந்தால் கப்பல் அந்த மாலை இந்தியாவுக்குப் புறப்பட்டிருக்காது என்றும் அறிக்கை சொன்னது. அதன்பின் பிரிட்டன் ஆகாயக் கப்பலையே கைவிட்டது. 1930 கோடையில் கனடாவுக்குப் போய் நல்லபடியாகத் திரும்பியிருந்த ஆர் 100 என்ற இன்னொரு பிரிட்டிஷ் ஆகாயக் கப்பல்கூட உடைத்துப் பழைய உலோகமாக விற்கப்பட்டது. ஹிண்டன்பர்க் எரிவதற்குப் பல ஆண்டுகள் முன்னால் நடந்தது இது.

நான் சொன்ன வாரண்ட் ஆபீசர், பிரிவினைக்கு முன் கராச்சியில் ட்ரிக் ரோடு விமானப் படைத் தளத்தில் பயிற்சி பெற்றவர். அங்கே ஆர் 101-க்காகக் கட்டிய கறுப்புக் கொட்டகையை நாள்தோறும் பார்த்திருக்கிறார். சுமார் 850 அடி நீளம். காலையில் அணிவகுப்புக்குப் போகும்போது அதன் நிழல் ஓயாமல் கூடவே வரும் என்பார். அதற்குள் வந்து சேர வேண்டிய கப்பல் ஒருநாளும் வரவில்லை.

தயவுசெய்து அடுத்த இதழில் இரண்டு திருத்தங்களை வெளியிடுங்கள். ஆர் 101 விழுந்த பிறகே எரிந்தது என்பது ஒன்று. போர் விமானங்களைப் பற்றிய பகுதிக்குப் போகும் முன், கட்டுரையாளர் மெக்வேட்டுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்க வேண்டும் என்பது மற்றொன்று. கராச்சிக் கொட்டகையின் படம் கிடைத்தால் அந்தப் பத்திக்குப் பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப்படைப் பணியாளர்,
கிழக்குத் தாம்பரம்.