ஊருணிக் கரை விளக்கைச் சில இரவுகள் மட்டும் அணைத்து வைக்க வேண்டி

எங்கள் ஊராட்சி நிர்வாகத்தினருக்கும், ஊருணியைப் பராமரித்துவரும் நகரத்தார் பொதுக் காரியக் குழுவினருக்கும் வணக்கம்.

ஊருணியின் தெற்குக் கரையில் நிற்கும் உயர்கோபுர மின்விளக்கை, அதாவது நாம் எல்லோரும் ஹைமாஸ் என்று சொல்வதை, பங்குனி, சித்திரை, வைகாசி ஆகிய மூன்று மாதங்களில் அமாவாசையை ஒட்டி மாதத்துக்கு ஏழு இரவுகள் மட்டும், இரவுக்கு ஒரு மணி நேரம் அணைத்து வைக்க வேண்டும் என்று கேட்டு இம்மடலை எழுதுகிறேன். அந்த விளக்கு வேண்டுமென்று முன்பு கொடுத்த மனுவில் என் கையெழுத்தும் இருந்தது. கடைசிப் பேருந்தில் இறங்கி நடந்து வருபவர்களுக்கும், பாம்புக்கு அஞ்சிக் கரையைச் சுற்றிப் போனவர்களுக்கும் அதனால் விளைந்த நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் அது நிற்கும் திசையில்தான், நம் ஊரிலிருந்து வெறும் கண்ணுக்கே தெரியக்கூடிய ஓர் அரிய பொருள் இருக்கிறது.

ஒமேகா சென்டாரி என்பது அதன் பெயர். 1603-இல் ஜெர்மானிய வான்பட ஆசிரியர் யோகான் பேயர் அதைத் தனி விண்மீன் என்று எண்ணியே ஒமேகா என்ற கிரேக்க எழுத்தை அதற்கு இட்டார். 1677-இல் செயின்ட் ஹெலினா தீவுக்குப் போயிருந்த ஆங்கிலேய வானியலாளர் எட்மண்ட் ஹாலிதான் அது விண்மீன் போலன்றிப் புகைபோல் இருப்பதைக் குறித்துவைத்தார். உண்மையில் அது ஏறக்குறைய ஒரு கோடி விண்மீன்கள் உருண்டையாகத் திரண்ட ஒரு கொத்து. நம்மிடமிருந்து சுமார் 17,000 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. நம் பால்வீதியைச் சேர்ந்த இத்தகைய கொத்துகளில் இதைவிடப் பெரியது இல்லை. அதன் நடுவில் சூரியனைப்போல் குறைந்தது 8,200 மடங்கு நிறையுள்ள கருந்துளை இருப்பதற்கான சான்றுகளை, ஹபிள் தொலைநோக்கியின் படங்களைக் கொண்டு 2024-இல் வெளியிட்டார்கள்.

இதைப் பார்ப்பதற்கு நம் ஊர் ஏன் தகுந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அது வானத்தின் தென்பகுதியில் இருப்பதால், வடக்கே போகப் போக அடிவானத்தை நோக்கித் தாழும். இலண்டனில் அது எழுவதே இல்லை. தில்லியில் 14 பாகை (டிகிரி) உயரத்துக்கு மேல் ஏறாது. காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் ஏறக்குறைய 30 பாகை உயரும். காரைக்குடிப் பக்கத்தில் நமக்கு 32 பாகை கிடைக்கிறது. பெரிய தொலைநோக்கி வைத்திருப்பவர்களைவிட இரண்டு பாகை கூடுதலாக நமக்கு இருக்கிறது என்பதில் எனக்குச் சிறு பெருமையும் உண்டு.

அதைக் கண்டுபிடிக்கப் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. நாம் ஜாதகத்தில் எழுதும் அதே சித்திரை நட்சத்திரம் தெற்கு நோக்கி நிற்பவரின் உச்சந்தலைக்குச் சற்று முன்னே வரும்போது, ஒமேகா சென்டாரி அதற்கு நேர் கீழே நிற்கிறது. கையை நீட்டி விரல்களை விரித்தால் வானத்தில் ஒரு சாண் என்பது ஏறத்தாழ 20 பாகை. சித்திரையிலிருந்து நேர் கீழே இரண்டு சாணுக்குச் சற்றுக் குறைவாகவோ, அடிவானத்திலிருந்து ஒன்றரைச் சாண் மேலேயோ பார்த்தால் போதும். திரிசங்கு என்று சொல்லப்படும் தெற்குச் சிலுவை அதற்கு வலப்புறம் தாழ்வாகத் தெரியும். வெறும் கண்ணுக்கு அது மங்கிய, ஓரம் கலைந்த விண்மீன்தான். 10×50 பைனாகுலரில் பிரித்த பஞ்சு போலவும், ஆறு அல்லது எட்டு அங்குலத் தொலைநோக்கியில் ரவையை அள்ளி இறைத்தது போலவும் தெரியும்.

சித்திரை முதல் நாள் நள்ளிரவு 12.15 மணியளவில் அது உச்சத்துக்கு வருகிறது. ஒவ்வொரு நாளும் நான்கு நிமிடம் முந்துவதால், வைகாசி முதல் நாள் 10.15 மணிக்கே வந்துவிடும். எனவே பங்குனி அமாவாசையை ஒட்டி இரவு 1 முதல் 2 வரையும், சித்திரையில் 11 முதல் 12 வரையும், வைகாசியில் 10 முதல் 11 வரையும் அணைத்தால் போதும். மூன்றும் கடைசிப் பேருந்து போன பிறகான நேரங்கள். பௌர்ணமியை ஏன் கேட்கவில்லை என்றால், சித்ரா பௌர்ணமியன்று நிலவு சித்திரை நட்சத்திரத்துக்கு அருகிலேயே நின்று அந்த வானத்தையே வெளுக்கச் செய்துவிடும். கோடை மழை பெய்து தூசி அடங்கிய மறுநாள் இரவு அமாவாசையோடு சேர்ந்து வாய்த்தால் அதற்கு ஈடில்லை.

மொட்டை மாடியிலிருந்து பார்க்கலாமே என்று சிலர் கேட்டார்கள். சித்திரை வெயிலில் காய்ந்த மாடித் தளம் நள்ளிரவு வரை சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். அந்தக் காற்று மேலெழும்போது தொலைநோக்கியில் விண்மீன்கள் கொதிக்கும் நீருக்கு அடியில் கிடப்பதுபோல் நெளியும். ஊருணியின் வடகரைப் படித்துறையில் நின்றால் முன்னால் தண்ணீர். தெற்கே மரமோ மாடியோ மறைப்பதில்லை. ஒரே குறையாக அந்த விளக்குதான் எதிரில் நிற்கிறது. கண் இருட்டுக்குப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். விளக்கை ஒரு கணம் பார்த்தாலும் அத்தனையும் வீணாகிவிடும். சென்ற ஆண்டு நான்கு இரவுகள் துண்டால் ஒரு பக்கத்தை மறைத்துக்கொண்டு முயன்றும் பயனில்லை.

நான் கேட்பது ஆண்டுக்கு 21 மணி நேரம். அதுவும் கடினமென்றால், அந்தக் கோபுரத்தில் வடக்கே தண்ணீரைப் பார்த்திருக்கும் இரண்டு விளக்குகளுக்கு மட்டும் மேலும் பக்கமும் மறையத் தகரக் கவசம் மாட்டலாம். அவை இப்போது மீனுக்கும் தவளைக்கும்தான் வெளிச்சம் காட்டுகின்றன. கவசத்துக்கான செலவை நானும் நண்பர்கள் சிலரும் ஏற்கிறோம். அணைக்கும் நேரத்தில் கரையின் இரு முனைகளிலும் சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சுடன் ஆள் நிற்க ஏற்பாடு செய்வதும் எங்கள் பொறுப்பு.

பங்குனி பிறப்பதற்கு முன்பு தங்கள் முடிவைத் தெரிவித்தால், மின்பணியாளரிடம் டைமர் பொருத்தச் சொல்வதற்கு நாள் இருக்கும்.

இங்ஙனம்,
ஊருணி வடகரைத் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியன்