தாலி கட்டும் அன்றே கையெழுத்தும் வாங்குங்கள்

எங்கள் கோயில் கமிட்டியாருக்கும், தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில் கல்யாணம் நடத்திவைக்கும் ஐயர்மாருக்கும் வணக்கம்.

அத்தான் சித்திரையில் காலமானதிலிருந்து அக்கா படும் பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. கருமாதிக்கு உங்களில் பலர் வந்திருந்தீர்கள். உயில் இல்லை, பிள்ளை இல்லை, சாட்ஸ்வொர்த் வீட்டுப் பத்திரம் அத்தான் பெயரில் மட்டும். பேங்க் கணக்கும் முடங்கிவிட்டது. அத்தான் விட்டுப்போன சொத்தை, அதாவது எஸ்டேட்டை, பதிய அலுவலகத்துக்குப் போனோம். மேரேஜ் சர்டிஃபிகேட் கேட்டார்கள்.

அக்காவிடம் இருந்தது தாலிதான். பதினாறாம் நாள் கழற்றியதை வெள்ளைத் துணியில் முடிந்து கைப்பையில் வைத்திருந்தாள். கவுன்டர்மேல் முடிச்சை அவிழ்த்தாள். கயிற்றில் மஞ்சள் கறை இன்னும் போகவில்லை. உள்ளே இருந்த பெண் கேலி செய்யவில்லை, கோபப்படவும் இல்லை. “பேப்பர் வேணும், ஆன்ட்டி” என்று மட்டும் சொன்னாள். அக்கா மறுபடி முடிச்சுப் போட எவ்வளவு நேரம் எடுத்தாள் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

பேப்பர் தேடிக் கோயிலுக்கு வந்தேன். 1986ஆம் வருட ரசீதுப் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருந்தீர்கள், நன்றி. மண்டப வாடகை, இரண்டு பெரிய அண்டாவுக்கு டெபாசிட், பணம் கட்டியவர் மாப்பிள்ளையின் அப்பா. எல்லாம் நீல மையில் தெளிவாக இருக்கிறது. அக்காவின் பெயர்தான் எங்கும் இல்லை.

உயிலும் பிள்ளையும் இல்லாமல் கணவன் இறந்தால் சொத்து முழுதும் மனைவிக்கு என்கிறது 1987ஆம் வருட வாரிசுச் சட்டம். பிள்ளைகள் இருந்தால் 250,000 ரேண்ட் அல்லது ஒரு பிள்ளையின் பங்கு, எது அதிகமோ அது. இந்து முறைப்படி மட்டும் மணந்தவளும் இந்தச் சட்டத்தில் மனைவிதான் என்று டர்பன் உயர் நீதிமன்றம் 2008லேயே சொல்லிவிட்டது. ஆனால் கல்யாணம் நடந்ததை நாம்தானே காட்ட வேண்டும்? தாலி எடுத்துக்கொடுத்த ஐயர் இப்போது இல்லை. அன்று பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட கொழுந்தன்மார் இன்று “ரெஜிஸ்டர் ஆகாத கல்யாணம்” என்கிறார்கள். சாட்சிகளைத் தேடி அஃபிடவிட் வாங்க நான் ஃபீனிக்ஸுக்கும் டோங்காட்டுக்கும் அலைகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். தாலி கட்டும் அன்றே பதிவேட்டில் மாப்பிள்ளை, பெண், இரண்டு சாட்சிகள் கையெழுத்து வாங்குங்கள். இந்திய சமய முறைப்படி கல்யாணம் நடத்துகிறவரையும் திருமண அதிகாரியாக நியமிக்க 1961ஆம் வருடத் திருமணச் சட்டம் இடம் தருகிறது. கோயிலுக்கு ஒருவர் விண்ணப்பித்தால் போதும். “ஹோம் அஃபேர்ஸுக்கு (கல்யாணத்தைப் பதியும் அரசு அலுவலகத்துக்கு) அப்புறம் போய்க்கொள்ளுங்கள்” என்று அனுப்பாதீர்கள். அந்த ‘அப்புறம்’ அக்காவுக்கு வரவே இல்லை.

1913ல் கேப் நீதிமன்றத்தில் சேர்ல் என்ற நீதிபதி நம் கல்யாணங்கள் செல்லாது என்றபோது அதை எதிர்த்துப் போராடி நம் பெண்கள் சிறைக்குப் போனார்கள். மாரிட்ஸ்பர்க் சிறையில் காய்ச்சல் கண்டு, வெளியே வந்து உயிர்விட்ட வள்ளியம்மைக்கு வயது 16. அவள் படத்துக்கு மாலை போடுகிறோம். கோபுரத்துக்கு வர்ணம் பூச வீடு வீடாக வசூல் செய்கிறோம், காவடிக்குப் புது ஒலிபெருக்கி வாங்குகிறோம். ஒரு பதிவேடு வாங்க நமக்கு வசதி இல்லையா? உயில் பேச்சை எடுத்தாலே அபசகுனம் என்று வாயை மூடுகிற பெரியவர்களே, வாரிசுச் சண்டையில் அண்ணன் தம்பி கோர்ட் வாசலில் நிற்பது மட்டும் சுபசகுனமா? உயிலில் கையெழுத்துப் போடும்போது, 14 வயது நிரம்பிய, அந்த உயிலில் பங்கு பெறாத இரண்டு பேர் சாட்சி வேண்டும். அதைக் கோயில் மண்டபத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிக்கலாம்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நானும் அந்த மண்டபத்தில் சோறு பரிமாறி வளர்ந்தவன்தான். புரட்டாசி முடிந்து ஐப்பசி முகூர்த்தங்கள் தொடங்கும் முன், கையெழுத்து இல்லாமல் கல்யாணம் இல்லை என்று தயவுசெய்து தீர்மானம் போடுங்கள். அந்த 1986 ரசீதின் நகலில் கமிட்டியின் முத்திரையும் செயலாளர் கையெழுத்தும் அக்காவுக்கு வேண்டும். திங்கட்கிழமை காலை வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கோயில் அங்கத்தினன் ஒருவன்