சாவிக்கோப்பும் 777 அனுமதியும்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. விண்டோஸ் கணினியில் டபிள்யூ.எஸ்.எல். (விண்டோஸுக்குள் லினக்ஸை இயக்கும் வசதி) நிறுவி, கடவுச்சொல்லுக்குப் பதிலாக உதவும் பழைய சாவிக்கோப்பைக் கொண்டு சர்வருக்குள் நுழைய முயன்றபோது, தொலைக்கணினியோடு பாதுகாப்பாக இணைக்கும் எஸ்.எஸ்.எச். நிரல், பிறருக்கும் திறந்திருக்கும் சாவி என்று அதை ஏற்க மறுத்ததையும், அனுமதியை மாற்றும் சிஎச்மாட் கட்டளையில் 600 (உரிமையாளர் மட்டும் படிக்கவும் எழுதவும்) என்று மூன்று முறை கொடுத்த பின்னும் அனுமதி 777 (எல்லோருக்கும் எல்லாம்) ஆகவே நின்றதையும் படித்து வருந்தினேன். கட்டளை எந்தப் பிழையும் சொல்லாமல் முடிந்துவிடுவதால், தவறு நம்முடையதோ என்று தேடிக்கொண்டே இருப்போம்.

கோப்பு சி டிரைவில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள்; கோளாறு அங்கேதான். அந்த டிரைவில் யார் எதைத் திறக்கலாம் என்பதை விண்டோஸின் அணுகல் பட்டியல் தீர்மானிக்கிறது. உரிமையாளர், குழு, பிறர் என்ற லினக்ஸின் மூன்று பிரிவுகள் அதில் அப்படியே பொருந்துவதில்லை. ஆகவே உங்களுக்கு விண்டோஸில் இருக்கும் உரிமையையே டபிள்யூ.எஸ்.எல். மூவருக்கும் உரியதாகக் காட்டிவிடுகிறது. எழுதும் அனுமதியை மூவரிடமிருந்தும் நீக்கினால் மட்டும் கோப்பு படிக்க மட்டுமே உரியதாக மாறும். சிஎச்மாட்டின் வேறு எந்த மாற்றமும் அங்கே பதிவாவதில்லை.

சாவியை லினக்ஸ் பகுதியில் உங்களுக்கென உள்ள ஹோம் அடைவில், புள்ளியில் தொடங்கும் எஸ்.எஸ்.எச். அடைவுக்குள் நகலெடுத்து, அடைவுக்கு 700 (உரிமையாளருக்கு மட்டும் எல்லா அனுமதியும்), கோப்புக்கு 600 கொடுங்கள். சாவிக்கு இதுவே சரியான இடம் என்பது என் உறுதியான எண்ணம். சி டிரைவிலேயே வைத்தாக வேண்டுமானால், ஈடிசி அடைவிலுள்ள டபிள்யூஎஸ்எல்.கான்ஃப் கோப்பில் ஆட்டோமவுண்ட் பகுதியின்கீழ் ஆப்ஷன்ஸ் என்பதற்கு மெட்டாடேட்டா என்று எழுதி, விண்டோஸ் பக்கத்திலிருந்து டபிள்யூ.எஸ்.எல். முழுவதையும் ஷட்டவுன் செய்து மீண்டும் திறந்த பிறகு, சிஎச்மாட்டை மறுபடி கொடுக்க வேண்டும். அப்போது 600 என்ற எண் கோப்போடு கூடுதல் குறிப்பாகச் சேமிக்கப்படும். ஆனால் விண்டோஸ் நிரல்கள் அந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. அவற்றுக்குப் பழைய அணுகல் பட்டியல்தான் சட்டம்.

சென்ற மாதம் நானும் இதில் சிக்கினேன். லினக்ஸ் கணினியிலிருந்து ஒரு கிட் களஞ்சியத்தை (கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் நிரலின் தொகுப்பை) அப்படியே சி டிரைவுக்கு நகலெடுத்தேன். ஓர் எழுத்துகூட மாற்றாத கோப்புகளையெல்லாம் 100644 (சாதாரணக் கோப்பு) என்பதிலிருந்து 100755 (இயக்கும் அனுமதி உள்ள கோப்பு) ஆக மாறியவை என்று கிட் வரிசையாகக் காட்டியபோது திகைத்துப்போனேன். இயக்கும் அனுமதியின் மாற்றத்தைக் கிட் கவனிக்க வேண்டுமா என்று சொல்லும் கோர்.ஃபைல்மோட் அமைப்பை ஃபால்ஸ் ஆக்கியதும் பட்டியல் காலியானது.

சாவியை இடம் மாற்றிய பின், அனுமதியைக் காட்டும் எல்எஸ் -எல் கட்டளை என்ன காட்டுகிறது என்பதை மறவாமல் எழுதுங்கள். அப்போதும் 777-க்கு உரிய rwxrwxrwx என்றே வந்தால், எந்த அடைவில் நின்று பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்